நாலு விரலும் நாற்பது வருஷ அனுபவமும்

எங்கள் சாச்சாவின் இடது காலில் நாலு விரல்தான். சுண்டுவிரல் இருந்த இடத்தில் மொழுமொழுவென்று ஒரு தழும்பு மட்டும். சின்ன வயசில் என்னவென்று கேட்டால் "கோடாலி விழுந்த" என்பார். ஆஸ்பத்திரித் துண்டிலும் கோடாலி என்றுதான் எழுதியிருந்ததாம். அது கோடாலி இல்லை என்பது நுரைச்சோலையில் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சொன்னது நான் கலியாணம் முடித்த பிறகுதான்.

போன டிசம்பரில் அவர் துவக்கு லைசன் புதுப்பிக்கப் புத்தளம் போனார். பின்னேரம் திரும்பி வந்தவர், தேத்தண்ணி குடித்து முடியும் மட்டும் வாய் திறக்கவில்லை. பிறகு பொரிந்து தள்ளினார். வரிசையில் நின்ற யாரோ ஒருவர், இனிமேல் துவக்குக்காரர் எல்லாரும் ஒரு நாள் வகுப்புக்குப் போய் வந்தால்தான் லைசன் கிடைக்கும் என்று சொல்லிவிட்டாராம்.

"நாப்பது வருஷத்துக்கு மேல துவக்குப் புடிக்கிறன் மகன். எனக்குப் படிச்சுக் குடுக்க வாறவன், நான் மொதல் வெடி வெக்கக்குள்ள பொறந்திருக்கவும் மாட்டான்."

விசாரித்துப் பார்த்தேன். அது வரிசையில் பிறந்து வரிசையிலேயே மௌத்தாகிப்போன கதை. சாச்சா நிம்மதியாகிவிட்டார். எனக்குத்தான் நித்திரை கெட்டது. அப்படி ஒரு வகுப்பு வந்தால்தான் என்ன? சாச்சா மாதிரிப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதற்குப் போகத்தான் வேண்டுமா?

இந்த நாட்டில் துவக்குக்கான சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். இடையில் திருத்தங்கள் வந்தன, ஆனால் அடிக்கட்டை அதுதான். பயிரைக் காக்க விவசாயி வைத்திருக்கும் சொட் கன்னுக்கும் அதன் கீழ்தான் லைசன், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். சாச்சாவின் ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. காணி உறுதி, கிராம சேவகர் கடிதம், போலீஸ் அறிக்கை, பழைய லைசன்களின் கொப்பி. துவக்கு யாருடையது, எந்தக் காணிக்கு, என்ன இலக்கம் என்பதெல்லாம் அதற்குள் ஒழுங்காக இருக்கிறது. பரணில் ஏறும்போது அதை எந்தப் பக்கம் பார்த்துப் பிடிப்பாய் என்று கேட்கிற கடதாசி ஒன்றுகூட இல்லை. த்ரீவீல் ஓட்டுகிற பொடியனுக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு, டிரையலும் உண்டு.

நுரைச்சோலையில் துவக்குக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வெளியூர்க்காரருக்கு எங்கள் ஊர் என்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. எங்களுக்கு அது மணலும் ஸ்பிரிங்க்ளரும் வெங்காயமும் பீட்ரூட்டும். துவக்கு வேலை பெரும்பாலும் புத்தளக் களப்புக்கு அந்தப் பக்கம். எங்கள் அப்பா (எங்கள் பக்கத்தில் வாப்பாவின் வாப்பாவைத்தான் அப்பா என்போம்) வனாத்தவில்லுப் பக்கம் ஒரு கஜுக் காணி வாங்கிப் போட்டார். கஜு மரத்துக்கு இடையில் மரவள்ளி. மரவள்ளி இருக்கிற இடத்தைக் காட்டுப் பன்றிக்கு யாரும் வழி காட்டத் தேவையில்லை. ஒரு இராத்திரியில் ஒரு கூட்டம் இறங்கினால், விடியும்போது காணி ஜேசிபி விட்ட மாதிரிக் கிடக்கும்.

பன்றியைச் சுடுவது நாங்கள். கறி சமைப்பது பக்கத்துக் காணிச் சிங்கள ஆட்கள். அந்த ஒப்பந்தம் மூன்று தலைமுறையாக ஒரு சண்டையும் இல்லாமல் நடக்கிறது.

இப்போது மயிலும் குரங்கும் சேர்ந்துவிட்டன. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்தே நிமிஷத்தில் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்களே, அன்று சாச்சா கொப்பியும் பேனையுமாகக் காணி நடுவில் நின்றார். அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மயில்கூட வரவில்லை. 8.20க்கு ஒன்பது வந்தன.

காட்டுப் பன்றியைச் சுட்டால் குற்றமில்லை, அது பாதுகாக்கப்பட்ட பிராணி அல்ல. மான் அப்படியல்ல. 1937 இலிருந்து வனசீவராசிகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவது ஒரு மான் கதை, அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

1982. சாச்சாவுக்கு 22 வயசு. எலுவன்குளம் பக்கம் ஒரு வில்லுக் கரையில் மூன்று பேர். வில்லு என்றால் அம்பு எய்கிற வில்லு இல்லை. வில்பத்துக் காட்டிலும் அதைச் சுற்றியும் இயற்கையாகத் தேங்கி நிற்கிற நீர்நிலைகளை அப்படித்தான் சொல்வோம். வனாத்தவில்லுவின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. கோடையில் தண்ணீர் அதில்தான் மிஞ்சும், மிருகமெல்லாம் அங்கேதான் வரும்.

துவக்கு அப்பாவின் இரட்டைக்குழல், 12 போர். வெளியே குதிரை தெரிகிற பழைய மொடல். குதிரை இரண்டையும் இழுத்து வைத்துவிட்டு சாச்சா காத்திருந்தார். மான் வந்தது. வலது குழல் வெடித்தது, மான் விழுந்தது.

இனித்தான் எங்களுக்கே உரிய சங்கதி. மௌத்தாகுமுன் ஓடிப்போய் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் ஹலால் என்று ஊரில் எல்லாரும் பேணுவார்கள். செத்தபின் போய்ப் பிரயோசனமில்லை. ஆகவே வெடி கேட்ட அடுத்த நொடியே ஓட்டம். ஒரு கையில் கத்தி, மறு கையில் துவக்கு. இடது குழலில் தோட்டா, அதன் குதிரை இழுத்தபடி. காலில் ரப்பர் செருப்பு. கரைச் சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, மனுஷன் குப்புற விழுந்தார். விழுந்தபோது துவக்கு வெடித்தது.

குழல் வாய்க்கு அவ்வளவு கிட்டத்தில் ஈயக்குண்டு விரிந்து பரவாது. ஒரே கட்டியாகத்தான் போகும். அந்தக் கட்டி சுண்டுவிரலையும் பாதத்தின் விளிம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு சேற்றுக்குள் போனது. ஒரு அங்குலம் உள்ளே பட்டிருந்தால் இன்று கட்டைக்கால். ஒரு முழம் மேலே என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், அவர் ஜனாஸாவைப் பற்றித்தான் வீட்டில் பேச்சிருந்திருக்கும். கூடப் போனவர்கள் சாரத்தைக் கிழித்துக் கட்டி, தோணியில் போட்டுக் களப்பைக் கடந்து கொண்டுவந்தார்கள். வழியில் மூவரும் சேர்ந்து முடிவு செய்ததுதான் கோடாலி. மான் வேட்டை என்றால் வழக்கு. துவக்கும் போகும், லைசனும் போகும்.

அந்தக் கோடாலியைத்தான் நான் பல நாள் யோசித்தேன். சாச்சா பட்ட காயத்திலிருந்து வேறு யார் என்ன படித்தார்கள்? ஒருவரும் இல்லை. படிக்க முடியாது. அது நடக்கவே இல்லை அல்லவா? எங்கள் பக்கத்து வேட்டை பாதி மறைவில் நடக்கிறபடியால் விபத்தும் மறைவிலேயே நடக்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை கோடாலி விழுந்ததோ. கட்டுத்துவக்கில் கால் போனவர்களாவது ஆஸ்பத்திரியில் மறைக்க முடியாமல் அகப்படுவார்கள். மிருகம் வரும் வழியில் கம்பி கட்டி, தடுக்கினால் வெடிக்கிற மாதிரி வைக்கும் அந்தச் சனியன் பெரும்பாலும் காலில்தான் அடிக்கும், காயத்தைப் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார். ஆனால் கையில் பிடித்த துவக்கால் வந்த காயத்துக்கும், வராமல் மயிரிழையில் தப்பிய காயத்துக்கும் கணக்கே கிடையாது.

தப்பியதுதான் பெரிய சிக்கல். ஒருவர் நாற்பது வருஷம் தோட்டா போட்ட துவக்கோடு வேலி தாண்டுகிறார், ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு அது பழக்கம், ஊருக்கு அவர் கெட்டிக்காரன். ஆயிரம் தடவை தாண்டியதில் ஆயிரம் தடவையும் அதிர்ஷ்டம் காப்பாற்றியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மான் எந்தப் பக்கம் காற்று வாங்குகிறது என்பதைக் காடு உடனே சொல்லிக்கொடுக்கும். பிழை விட்டால் மான் ஓடிவிடும், அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். துவக்குப் பிடியில் விடும் பிழைக்குக் காடு ஒன்றும் சொல்லாது. ஒரே ஒரு தடவை சொல்லும்.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் வேட்டைக்காரருக்கு வகுப்புக் கட்டாயம் என்பது பழைய கதை, நியூயோர்க் மாநிலம் 1949 இலேயே தொடங்கிவிட்டது. ஜேர்மனியில் எழுத்து, வாய்மொழி, சுடுதல் என்று பரீட்சை பாஸாகாமல் வேட்டை லைசன் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் பல மாநிலங்கள் பழைய ஆட்களைத் தொடவில்லை. டெக்சாஸில் 1971 செப்டெம்பர் 2 இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் வகுப்பு. கொலராடோவில் கோடு 1949. கோட்டுக்கு முன் பிறந்தவர் என்றால் "உனக்குத் தெரியும், நீ போ" என்று விட்டுவிடுவார்கள். சாச்சா கேட்பதும் அதுதான்.

அதே டெக்சாஸில் 2006 பெப்ரவரி 11 அன்று என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போதைய உப ஜனாதிபதி டிக் செனி ஒரு பண்ணையில் காடை சுடப் போனார். 65 வயசு, நெடுங்கால வேட்டைக்காரர். எழும்பிப் பறந்த காடையின் பின்னால் துவக்கைத் திருப்பிக்கொண்டே போய்ச் சுட்டார். திரும்பிய பக்கத்தில் கூட வந்த 78 வயசு வக்கீல் ஹரி விட்டிங்டன் நின்றார். முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் சின்னக் குண்டுகள். அதில் ஒன்று இதயத்தில் போய் லேசான மாரடைப்பும் வந்தது. தப்பிவிட்டார், 2023 இல் 95 வயசில்தான் காலமானார். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அன்று, செனியும் அவர் குடும்பமும் பட்ட கஷ்டத்துக்குத் தான் வருந்துவதாகச் சொன்னார். சொன்னது சுட்டவர் இல்லை, சுடுபட்டவர்! நம்ம ஆட்களை விடப் பெரிய மனசு.

செனி பிறந்தது 1941 இல். கோட்டுக்கு முப்பது வருஷம் முந்தியவர், டெக்சாஸ் சட்டப்படி அவருக்கு வகுப்புத் தேவையில்லை. ஆனால் பலர் சேர்ந்து போகும்போது அவரவர் சுடும் எல்லை எது, அந்த எல்லைக்கு வெளியே பறவை போனால் துவக்கை இறக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் அரிச்சுவடி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்தில் அதிகாரிகள் செனிக்கு எழுத்தில் கொடுத்த எச்சரிக்கை, காடை சுட வாங்க வேண்டிய 7 டொலர் முத்திரை அவரிடம் இல்லை என்பதற்காக. வாசித்தபோது சாச்சாவின் ஃபைல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அமெரிக்கப் பாடம் அப்படியே இங்கே சரிவராது. அங்கே ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுப் பகலில் போகிறான். எங்கள் ஆள் கறுப்புச் சாரமும் மண் நிற பெனியனும் போட்டு இராத்திரியில் போகிறார், தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காகவே. நெற்றியில் ஹெட்லைட். வெளிச்சம் பட்டால் மான் கண் மின்னும். மாட்டுக் கண்ணும் மின்னும். எங்கள் பக்கத்தில் கழுதைக்குக் குறைவில்லை, கழுதைக் கண்ணும் மின்னும். ஊரில் பெயர்போன ஒரு வெடிக்காரர் இரண்டு மின்னும் கண்ணை மட்டும் நம்பி ஒரு கழுதையைச் சாய்த்துவிட்டு, அதன் சொந்தக்காரருக்கு மூன்று தவணையில் காசு கட்டினார். அவரும் அனுபவக்காரர்தான். மனிதக் கண் மின்னாது. ஆகவே மனிதனை மிருகமென்று சுடுவது கண்ணால் இல்லை, சத்தத்தால். பற்றைக்குள் சரசரப்பு, வில்லில் தண்ணீர் சளசளப்பு.

பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தில் தசரதன் கதை படித்தபோது எனக்கு இந்த வில்லுக்கரைதான் மனசில் வந்தது. ஒரு பிள்ளை குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை குடிக்கிறது என்று நினைத்து அம்பு விட்டார். சத்தம் கேட்டே எய்கிற வித்தையில் கைதேர்ந்தவர். கைதேராத ஒருவன் அந்த இருட்டில் விட்டிருந்தால் அம்பு தவறியிருக்கும், அந்தப் பிள்ளை வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கும்.

எங்கள் மண்ணுக்கு ஒரு வகுப்பு வைத்தால் அதில் முதல் பாடம் மணலாகத்தான் இருக்க வேண்டும். நுரைச்சோலையில் எதை எங்கே வைத்தாலும் மணல் ஏறும். குழல் வாயைக் கீழே ஊன்றி வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். நுனியில் ஒரு சிட்டிகை ஈரமணல் அடைத்திருந்தால் போதும், வெடிக்கும்போது குழல் வீங்கும், சிலவேளை வெடித்துப் பிளக்கும், அது இருப்பது நம் முகத்துக்கு முன்னால். பிறகு உப்புக் காற்றில் கிடந்த பழைய தோட்டா. விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். ஆள் உடனே குழலை மடக்கித் திறந்து பார்ப்பார். சில தோட்டா சுணங்கி வெடிக்கும். துவக்கை ஆளில்லாத பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷமாவது பொறுக்க வேண்டும். இது சாச்சாவுக்குத் தெரியாது. நான் ஒரு கையேட்டில் வாசித்துச் சொன்னபோது, "அப்ப எனக்கு ஒரு நாளும் அப்படி வெடிக்கல்லயே" என்றார். பரணில் ஏறும்போது தோட்டாவை எடுத்துவிட்டு, ஏறிய பிறகு கயிற்றில் கட்டித் துவக்கை இழுத்தெடுப்பது அடுத்தது. அதைச் சொன்னதற்குச் சிரித்தார். பன்றி கயிறு இழுக்கும் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருக்குமா என்று கேட்டார்.

சாச்சாவின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மூடின மண்டபத்தில் ஐம்பது கதிரை போட்டு, விளங்காத பாஷையில் படம் காட்டி, பகலுக்குச் சோத்துப் பார்சல் கொடுத்து, கடைசியில் ஒரு சான்றிதழுக்குக் காசு வாங்கி அனுப்புவதுதான் வகுப்பென்றால், அது ஃபைலில் இன்னொரு கடதாசி. வேறொன்றுமில்லை. துவக்கைக் கையில் கொடுத்து, வேலி தாண்டச் சொல்லி, பரண் ஏறச் சொல்லிப் பார்க்காத வகுப்புக்கு நானும் போக மாட்டேன்.

ஆனால் நான் ஒரு வகுப்பைக் கண்டிருக்கிறேன். கொஞ்சக் காலம் ஒரு பெரிய கட்டுமான சைட்டில் வேலை செய்தேன். முதல் நாள் எல்லாரையும் உட்கார வைத்துப் பாதுகாப்பு வகுப்பு. இரும்புச் சாரம் கட்டுகிற ஒரு பெரியவர், முப்பது வருஷ அனுபவம், பின் வரிசையில் கொட்டாவி விட்டபடி இருந்தார். உயரத்தில் பெல்ட் கொக்கியை எங்கே மாட்டுவது என்று கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. பெரியவர் எழும்பி, தான் ஒரு தடவை மாட்டாமல் நின்று இரண்டாம் தட்டிலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். வீட்டில்கூடச் சொன்னதில்லையாம், பெண்சாதி வேலைக்கு விடமாட்டாள் என்று. மண்டபம் அமைதியாகிவிட்டது. பாடம் எடுத்த பொடியன் அன்றைக்கு மிச்சத்தை அவரிடமே விட்டுவிட்டான். அங்கே இருந்த இளசுகளில் யாரும் பிறகு கொக்கி மாட்டாமல் ஏறியதை நான் காணவில்லை.

அதனால்தான் அனுபவக்காரருக்கு விலக்குக் கொடுக்கக்கூடாது என்கிறேன். அவர்கள் மாணவராக வரட்டும், ஆசிரியராக வரட்டும், எப்படியாவது அந்த அறைக்குள் வரட்டும். சொன்னால் வழக்கு வராது என்ற உத்தரவாதத்தோடு அவரவர் கோடாலிக் கதையைச் சொல்லட்டும். புதிதாக லைசன் எடுக்கிற பொடியனுக்குப் படம் காட்டுவதை விட அந்த நாலு விரல் காலைக் காட்டினால் போதும்.

இவ்வளவையும் யோசித்து முடித்து, போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாச்சா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் துவக்கை மடக்கிப் போட்டு, தென்னை ஈர்க்கில் துணி சுற்றிக் குழல் துடைத்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். தோட்டம், காடு என்று எங்கே போனாலும் அவருக்கு வெறுங்கால்தான். நெருஞ்சி முள்ளிலும் அப்படித்தான் நடப்பார். அது என்ன வைராக்கியம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"சாச்சா, வகுப்பு வெச்சு ஒங்களயே வாத்தியாராப் போட்டா போவீங்களா?"

ஈர்க்கை உருவி, துணியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "பஸ் காசு குடுப்பானுகளா?"

"குடுப்பாங்கன்னு வெப்பம். மொதல் நாள் பொடியன்மாருக்கு என்ன சொல்லுவீங்க?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை. குனிந்து இடது காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"என்னத்தச் செஞ்சாலும் செருப்போட மட்டும் ஓடாதீங்கன்னு சொல்லுவன்."